வில்லாபுரம் லீலாவதி: குழாய்த் தண்ணிக்காக உயிர் கொடுத்த மாமன்ற உறுப்பினர்



நம்ம கூட்டமைப்பு மலரில் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் பேசுகிறோம். குழுக்கள் வளர்ந்த கதையைப் பேசுகிறோம். அதோடு சேர்த்து, நம்மைப் போல ஒரு உழைக்கிற குடும்பத்திலிருந்து மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போன ஒரு பெண்ணின் வரலாற்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் லீலாவதி. மதுரை வில்லாபுரம் பகுதியின் மாமன்ற உறுப்பினர். கவுன்சிலர் என்று சொன்னால்தான் நமக்குப் பழக்கம். பதவியில் அவர் இருந்தது சுமார் ஆறே மாதம். 1997 ஏப்ரல் 23ஆம் தேதி, பட்டப்பகலில், கடைத்தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள்.  அவர் செய்த ‘குற்றம்’, தன் வார்டு மக்களுக்கு மாநகராட்சிக் குடிநீர் வர வேண்டும் என்று விடாமல் நின்றதுதான்.

இன்றைக்குக் குழுவில் இருக்கிற இளம் பெண்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரையும் தண்ணியும்

மதுரை பழைய ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். 1866இல் நகராட்சி ஆனது. 1971இல் மாநகராட்சி ஆனது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து மாநகராட்சி ஆன ஊர் மதுரைதான். ஊரின் நடுவே வைகை ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது பேச்சுக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைக் கிணறு வைத்து எடுத்தும், 1959இல் திறந்த வைகை அணையிலிருந்து குழாயில் கொண்டு வந்தும்தான் ஊர் குடித்தது.

ஊர் பெருகப் பெருக நாலு பக்கமும் வீடுகள் வந்தன. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு முதலில் குழாய் போனது. ஓரத்தில் இருந்த உழைப்பாளி மக்களின் பகுதிகளுக்குக் கடைசியில்தான் வந்தது. வில்லாபுரம் அப்படி ஒரு ஓரப் பகுதி. ஆற்றுக்குத் தெற்கே, அவனியாபுரம் போகிற வழியில் இருக்கிறது. நெசவாளர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் என்று அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்கிற குடும்பங்கள் நிறைய.

மாநகராட்சிக் குழாய் சரியாக வராத இடத்தில் என்ன நடக்கும்? யாராவது ஒருத்தர் ஆழ்துளைக் கிணறு போடுவார். லாரியில் தண்ணீர் கொண்டு வந்து குடம் இவ்வளவு என்று விற்பார். முதலில் பார்த்தால் உதவி மாதிரிதான் இருக்கும். நாள் ஆக ஆக அதுவே பெரிய வியாபாரமாகும். அந்த வியாபாரத்தைக் காக்க அடியாட்கள் வருவார்கள். அவர்களுக்கு அரசியல் செல்வாக்கும் சேர்ந்துகொள்ளும். வில்லாபுரத்திலும் அதுதான் நடந்தது.

சங்கத்தில் கற்ற பாடம்

லீலாவதி நெசவுத் தொழிலோடு வாழ்ந்த குடும்பப் பெண். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாய். பெரிய படிப்போ, சொத்தோ, வழிவழியாக அரசியல் செய்த குடும்பமோ அவருக்குப் பின்னால் இல்லை. அவருக்கு இருந்த பலம் இரண்டு. ஒன்று, தெருவில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். இன்னொன்று, சங்கம்.

அவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்திலும் வேலை செய்தார். மதுரையில் அந்த மாதர் சங்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற கே.பி. ஜானகி அம்மாள் மதுரைக்காரர். நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ் பெற்றவர். சம்பாதித்ததையெல்லாம் இயக்கத்துக்கே கொடுத்தவர். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1992இல் அவர் இறந்தார். ஒரு பெண் மேடை ஏறினால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தை மதுரையில் உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். லீலாவதி மாதிரிப் பெண்கள் வந்தது அந்த வழியில்தான்.

சங்க வேலை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மனு எழுதுவது, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவது, அதிகாரி ‘நாளைக்கு வாங்க’ என்றால் நாளைக்கும் போவது. குழு நடத்துகிற நம்ம ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் இந்த அலைச்சல் அத்துப்படி. லீலாவதியும் அப்படித்தான் பழகினார். பதவிக்கு வந்த பிறகு பொதுவேலை கற்றுக்கொண்டவர் அல்ல அவர். பொதுவேலை செய்து பழகிய பிறகுதான் பதவிக்கு வந்தார்.

பத்து வருஷம் கழித்து வந்த தேர்தல்

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 1986இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் நடந்தது 1996இல்தான். நடுவில் பல வருஷம் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்கள் என்று அதிகாரிகளே எல்லாம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்பதற்கு நம்ம ஆள் என்று ஒருத்தர் இல்லை.

இந்த நிலையை மாற்றத்தான் அரசியல் சட்டத்தில் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் வந்தன. 73 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு. 74 நகராட்சி, மாநகராட்சிகளுக்கு. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்களுக்கு வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தல் 1996 அக்டோபர் தேர்தல்தான். அதுவரை வாக்குச் சாவடி வரைக்கும் மட்டுமே போய் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேட்பாளர்களாக நின்றார்கள்.

அந்தத் தேர்தலில் வில்லாபுரத்தில் நின்று ஜெயித்தவர் லீலாவதி. பண பலமும் ஆள் பலமும் இருந்தவர்களுக்கு நடுவில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் ஜெயித்தார். அந்த வார்டில் தண்ணீர் விற்றுச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கே உறுத்தியிருக்கும்.

கவுன்சிலர் என்ன செய்ய முடியும்?

கவுன்சிலர் கையில் காசுப் பெட்டி கிடையாது. அவர் நினைத்த உடனே குழாய் போட்டுவிட முடியாது. ஆனாலும் அவருக்கு ஒரு பெரிய சக்தி இருக்கிறது. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிற உரிமைதான் அது.

ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வருவதற்குப் பல படிகள் உண்டு. முதலில் கோரிக்கை. பிறகு பொறியாளர் வந்து அளந்து, இவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு போட வேண்டும். அதை மன்றத்தில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நிதி ஒதுக்க வேண்டும். டெண்டர் விட வேண்டும். பள்ளம் தோண்டிக் குழாய் பதித்து, தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். நம்ம குழுவில் தீர்மான நோட்டில் எழுதாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது இல்லையா? அங்கேயும் அப்படித்தான். இந்தப் படிகளில் எந்த ஒன்றிலும் கோப்பு மாசக்கணக்கில் தூங்கலாம். அதை எழுப்பி எழுப்பி அடுத்த மேசைக்கு நகர்த்துவதுதான் நல்ல கவுன்சிலருக்கு அடையாளம். கேட்க ஆள் இல்லாத வார்டின் கோப்பு அடியிலேயே கிடக்கும்.

லீலாவதி தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது இதைத்தான். வில்லாபுரத்துக்கு மாநகராட்சியே குழாய் மூலம் குடிநீர் கொடுக்க வேண்டும், தண்ணீரை வைத்து மக்களை மிரட்டிச் சம்பாதிப்பது நிற்க வேண்டும் என்று மன்றத்திலும் பேசினார், தெருவிலும் மக்களைத் திரட்டினார். மிரட்டலுக்குப் பின்வாங்கவில்லை. வேலையும் நகர்ந்தது. வில்லாபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சேருகிற நேரமும் நெருங்கியது.

ஒரு குடத்தின் கணக்கு

வெறும் தண்ணிக்காகவா ஒரு ஆளைக் கொல்வார்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கணக்கு நமக்குப் புதுசு இல்லையே.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு குடம் ஒரு ரூபாய். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 5 குடம். மாசத்துக்கு 150 ரூபாய். அப்படி 1,000 வீடு வாங்கினால் மாசம் 1,50,000 ரூபாய். வருஷத்துக்கு 18 லட்சம். மூலப்பொருளுக்குச் செலவு கிடையாது, அது பூமிக்குள் இருக்கிற தண்ணீர். இது நான் புரிவதற்காகப் போட்ட கணக்குத்தான். ஆனாலும் எந்த ஊர்த் தண்ணீர் வியாபாரத்துக்கும் இந்த வாய்ப்பாடு பொருந்தும். குழாயில் தண்ணீர் வந்த மறுநாளே இந்த வருமானம் மொத்தமும் நின்றுபோகும்.

இதே கணக்கை வாங்குகிறவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். தறிக்கூலியிலோ சித்தாள் கூலியிலோ மாசம் 150 ரூபாய் தண்ணிக்கே போனால், அந்தக் காலத்தில் அது எத்தனை படி அரிசி? குடத்தோடு வரிசையில் நிற்கிற நேரம் எத்தனை மணி? அந்த வரிசையில் நின்றவர்கள் யார்? ஆம்பளைகளா? தண்ணிப் பிரச்சினை என்றால் அது பொம்பளைப் பிரச்சினை என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. அந்தக் குடத்தின் பாரம் தெரிந்த ஒருத்தி மன்றத்துக்குப் போனதால்தான் அது மாநகராட்சிப் பிரச்சினையாக மாறியது.

1997 ஏப்ரல் 23

அன்றைக்கு லீலாவதி வில்லாபுரம் கடைத்தெருவில் இருந்தார். கவுன்சிலர் என்பதற்காக காரும் காவலும் வைத்துக்கொண்டவர் இல்லை. வீட்டுக்கு வேண்டிய சாமான் வாங்கத் தானே நடந்து போகிற ஆள். அங்கே, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கும்பல் அரிவாளோடு வந்து அவரை வெட்டிச் சாய்த்தது.

யாருக்கும் தெரியாமல் செய்ய நினைத்திருந்தால் இரவில் செய்திருப்பார்கள். பகலில், கடைத்தெருவில் செய்ததற்குக் காரணம் உண்டு. இனிமேல் எந்தப் பொம்பளையும் எங்களை எதிர்த்து நிற்கக் கூடாது என்று ஊருக்கே சொல்ல நினைத்தார்கள். ஒரு பெண்ணைக் கொன்றார்கள், எல்லாப் பெண்களையும் வீட்டுக்குள் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு தப்பாகிப் போனது. மதுரையே கொதித்தது. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் கண்டனம் எழுந்தது. வில்லாபுரத்துக் குடிநீர்ப் பிரச்சினை அதுவரை ஒரு வார்டுப் பிரச்சினை. அதற்குப் பிறகு தண்ணீரை விற்கிறவர்கள் யார், அவர்களுக்குத் துணை யார் என்று நாடே கேட்டது.

வழக்கு நடந்தது. நாலு பேர் பார்க்க நடந்த கொலை என்றாலும், அடியாள் கூட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வது சின்ன விஷயம் இல்லை. அதே தெருவில்தானே பிறகும் குடியிருக்க வேண்டும்? அப்படியும் வழக்கு நின்றது. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயுள் கைதிகள் பலர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டபோது, இந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களும் வெளியே வந்தார்கள். மாதர் அமைப்புகளும் கட்சியும் கடுமையாக எதிர்த்தன. மக்கள் பிரதிநிதியைக் கொன்றவர்களுக்குச் சலுகை காட்டலாமா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது. நியாயமான கேள்விதான் அது.

அதே வருஷம், அதே மாவட்டம்

லீலாவதி கொலையைத் தனியாகப் பார்த்தால் முழு வரலாறும் புரியாது. அடுத்த இரண்டு மாதத்தில், 1997 ஜூன் 30ஆம் தேதி, அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மேலவளவு தலைவர் பதவி அந்த முறை தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதைப் பொறுக்காத சாதி வெறிதான் அந்தக் கொலைகளைச் செய்தது.

இரண்டு பேரும் புதிய சட்டத்தின்படி 1996இல் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில் வந்தவர்கள். ஒருவர் நகரத்தில், ஒருவர் கிராமத்தில். ஒருவர் தண்ணீர் வியாபாரத்துக்கு இடைஞ்சல், மற்றவர் சாதி ஆதிக்கத்துக்கு இடைஞ்சல். புதிய சட்டம் கதவைத் திறந்தது. அதுவரை உள்ளே வர முடியாதவர்கள் உள்ளே வந்தார்கள். காலங்காலமாக உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. இன்றைக்குப் பெண் தலைவர் நாற்காலியில் உட்காருவது சாதாரணமாகத் தெரிகிறது. அது சாதாரணமாவதற்கு இவர்கள் கொடுத்த விலையை மறக்கக் கூடாது.

அவருக்குப் பிறகு

மதுரை மாநகராட்சிக்கு 2006இல் தேன்மொழி கோபிநாதன் மேயரானார். 2011இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் போன்ற ஊர்கள் சேர்ந்து, 72 வார்டாக இருந்த மாநகராட்சி 100 வார்டானது. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கான இடம் 50 சதவீதம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் நகர்ப்புறத் தேர்தல் மறுபடியும் தள்ளிப்போய், 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் மறுபடி தனி அலுவலர் ஆட்சி. 1996க்கு முன்னால் இருந்த அதே கதை. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு வாங்குவதற்கும் ஆள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நம்ம மகளிர் குழு வரலாறும் இந்தக் காலத்தோடு ஒட்டித்தான் வருகிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுத் திட்டம், 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. லீலாவதி இறந்த அதே வருஷம்தான் நம்மில் பலரின் ஊர்களில் பெண்கள் முதல்முறையாகப் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, இருபது ரூபாய் ஐம்பது ரூபாய் என்று சேமிக்கத் தொடங்கினார்கள். பேங்குக்குள் போகவே பயந்த பெண்கள் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசக் கற்றார்கள். பிறகு அவர்களிலிருந்தே வார்டு உறுப்பினர்களும் தலைவர்களும் வந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு தியாகியின் படத்துக்கு மாலை போடுவது நல்லதுதான். வில்லாபுரத்தில் வருஷா வருஷம் ஏப்ரல் 23இல் அவர் நினைவைப் போற்றுகிறார்கள். நம்ம குழுக்கள் அதற்கு மேலும் சில காரியங்கள் செய்யலாம்.

முதலில், உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, நகர்ப்புறங்களில் இப்போது வார்டு குழு, பகுதி சபை என்று அமைப்புகள் வந்திருக்கின்றன. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒரு மேடை அது. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மூன்றாவது, பெண் கவுன்சிலர் பெயருக்கு இருக்க, வீட்டுக்காரரோ மகனோ வேலை பார்க்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நாமே அதை வளர்க்கக் கூடாது. மனுவை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுங்கள். அவர் தயங்கினால் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுங்கள். பேசப் பேசத்தான் பேச்சு வரும், நமக்கும் அப்படித்தானே வந்தது?

நான்காவது, இது ரொம்ப முக்கியம். நியாயம் கேட்கிற ஒரு பெண்ணைத் தனியாக விடாதீர்கள். மணல், தண்ணீர், கந்துவட்டி, சாராயம் என்று எதை எதிர்த்து நின்றாலும் மிரட்டல் வரத்தான் செய்யும். ஒருத்தி மட்டும் நின்றால் மிரட்டுவது சுலபம். பின்னால் கூட்டமைப்பே நிற்கிறது என்று தெரிந்தால் மிரட்டுகிறவன் யோசிப்பான். மிரட்டல் வந்தால் போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதன் நகலைக் கூட்டமைப்பில் வையுங்கள்.

லீலாவதிக்கு ஐந்து வருஷப் பதவிக்காலம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஒரு கவுன்சிலர் தன் வார்டுக்கு என்ன கேட்க வேண்டும், யாருக்காக நிற்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். உங்கள் தெருக் குழாயில் காலையில் தண்ணீர் வந்தால் அதற்குப் பின்னால் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நினையுங்கள். வரவில்லை என்றால் இந்த மாதக் கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.